பழைய கார் வாங்குவோர்க்கு ஒரு கேள்வி

காணி, வீடு ஆகிய இரண்டையும் விட்டால், ஒரு சாதாரண குடும்பம் தன் வாழ்நாளில் வாங்கும் மிகப் பெரிய பொருள் மோட்டார்க் கார் என்றே சொல்லவேண்டும். அதிலும் புதிய கார் என்பது எம்மிற் பெரும்பாலோருக்கு எட்டாத பொருள். வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடி காரணமாக 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கான அந்தத் தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட காலத்தில், ஓடித் தேய்ந்த கார் ஒன்று அது முதலில் வாங்கப்பட்ட விலையிலும் கூடிய விலைக்குக் கைமாறிய விந்தையை நாம் கண்டோம். தடை நீங்கியபோதும் உயர்ந்த வரிகளுடனேயே இறக்குமதி மீண்டும் தொடங்கியது. ஆகவே ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு வியாபாரி எனப் பலரும் தேடிச் செல்வது பதினைந்து, இருபது, இருபத்தைந்து ஆண்டு பழைய நடுத்தரக் கார்களையே. ரொயோட்டா கரினாவை எடுத்துக்கொள்வோம். அதன் உற்பத்தி 2001 ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆயினும் இன்றும் அது விலை பேசப்படும் கார்.

இப்படி ஒரு கார் விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வீட்டில் எழும் வினாக்கள் எமக்குத் தெரிந்தவையே. எஞ்சின் எப்படி? எத்தனை கிலோமீற்றர் ஓடியது? பெயின்ற் கம்பனிப் பெயின்றா? விலை இன்னும் இறங்குமா? இவை யாவும் நல்ல வினாக்கள். ஆனால் எல்லாமே காரைப் பற்றியவை; வாங்குகிறவரைப் பற்றிய வினா ஒன்றும் அவற்றில் இல்லை. அந்த வினா இதுதான்: இந்தக் காரை வைத்திருக்கவேண்டிய முறையில் வைத்திருக்க என்னால் முடியுமா? அவ்வினாவுக்கு நேர்மையாக விடை சொல்லாமல் பழைய கார் வாங்குவது பணத்தைப் பொறுத்தமட்டில் தவறு என்பதோடு நில்லாது, நீதியைப் பொறுத்தமட்டிலும் தவறாகிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தேவையா, பெருமையா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கார் வைத்திருப்பது ஆடம்பரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என நால்வர் ஒரே மோட்டார்ச் சைக்கிளில் செல்லும் காட்சியை எமது வீதிகளில் நாள்தோறும் காண்கிறோம். பெற்றோல் தாங்கியின் மேல் ஒரு பிள்ளை, நடுவே நித்திரைத் தூக்கத்தில் இன்னொன்று, பின்னே மடியில் பையுடன் தாய். எதிரே வேகமாக ஒரு பஸ் வருகிறது. இந்தக் குடும்பம் நாலு கதவும் கூரையும் உள்ள ஒரு வாகனத்தை விரும்பினால், அதைப் பெருமை என்று யார் சொல்வார்? கிழமைக்கு இரண்டு முறை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டிய வயோதிபத் தாய் இருக்கும் வீட்டிற்கும் இது பொருந்தும்.

ஆனால் ஆசை, தேவையின் உடுப்பை உடுத்துக்கொண்டு வருவதில் கெட்டிக்காரன். சிறிய கார் போதுமான இடத்தில் நீளமான கார் வேண்டும் என்று மனம் சொல்லும். கலியாண வீட்டு வாசலில் இறங்கும்போது எப்படி இருக்கும், சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பர் என்ற எண்ணம் மெல்ல உள்ளே நுழையும். தேவையையும் பெருமையையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. இந்தக் காரை எவர் கண்ணிலும் படாதபடி மட்டுமே ஓட்டலாம் என்று ஒரு நிபந்தனை இருந்தால், அப்போதும் இதே காரைத்தான் வாங்குவோமா? ஆம் என்றால் தேவை பேசுகிறது. தயங்கினால், தயங்கிய அளவுக்குப் பெருமை பேசுகிறது.

இன்னொன்றையும் நினைக்கவேண்டும். எம்மிற் பலருடைய கார்கள் கனடாவிலோ பிரான்சிலோ சுவிசிலோ உள்ள உடன்பிறப்பின் உழைப்பினால் வாங்கப்படுகின்றன. 'அண்ணன் அனுப்பிய காசுதானே' என்று செலவழிப்பது இலகு. அந்தக் காசு பனியில் எழுந்து போய்ச் செய்த இரவு வேலையின் கூலி. பிறர் வியர்வையிற் செலவழிப்பவர், தம் வியர்வையிற் செலவழிப்பவரிலும் கூடுதலாகக் கணக்குப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

இரண்டாவது விலை

பழைய காருக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று விற்பவரிடம் கொடுப்பது. மற்றது அதைப் பாதுகாப்பாக ஓடவைக்கக் கொடுப்பது. முதல் விலையைப் பேரம் பேசிக் குறைக்கலாம். இரண்டாவது விலையுடன் பேரம் பேச முடியாது. அதைக் கொடாமல் விடலாம். விட்டால் வேறொருவர் அதைக் கொடுக்க நேரிடும்.

உதாரணமாகப் பிறேக்கைப் பார்ப்போம். மிதியை அழுத்தும்போது எமது காலின் விசையைச் சில்லுகளுக்குக் கொண்டு செல்வது ஒரு திரவம். பிறேக் ஒயில் என்று நாம் சொல்லும் அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்னும் வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாமல் நிற்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலைக்கு விதிக்கப்பட்ட எல்லையோ 140 பாகைதான். கடுகண்ணாவை போன்ற நீண்ட இறக்கத்தில் பிறேக் சூடேறி அத்திரவம் கொதித்து ஆவியானால், மிதி எதிர்ப்பின்றித் தரையைத் தொடும், கார் நில்லாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய இந்த மலிவான பொருளைப் பத்து ஆண்டாக மாற்றாமல் ஓடும் கார்கள் உண்டு. வெளியே பளபளப்புக்குக் குறைவில்லை.

ரயர்களும் அப்படியே. பூ தேயவில்லை என்பதைக் கண்டு திருப்திப்படுகிறோம். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2314 என்றிருந்தால் 2014 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையிற் செய்யப்பட்டது என்று பொருள். பூ எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்து ஆண்டு கடந்த ரயரைக் கழற்றிவிடும்படி ரயர் செய்வோரே கூறுகின்றனர். றப்பர் உள்ளே காய்ந்து வெடிப்பது வெளிக்கண்ணுக்குத் தெரியாது. ரைமிங் பெல்ற் உள்ள எஞ்சின்களில் அதை ஏறத்தாழ 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அறுந்தால் சில எஞ்சின்களில் பிஸ்ரனும் வால்வும் மோதி எஞ்சினே பாழாகும். ஓடுகிற கார் நடுவீதியில் நிற்கும். பின்னால் வருபவருக்கு அது தெரியாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 600 கிலோமீற்றர் ஓடும் ஒரு குடும்பம். கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடுகிறது. பெற்றோலுக்கு மட்டும் மாதம் 50 லீற்றரின் விலை வேண்டும். ஆண்டுதோறும் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை. இவற்றின்மேல் ரயர், பற்றரி, பிறேக், ஷொக் அப்சோபர். புகைச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று ஆறுதல் அடைவதில் அர்த்தமில்லை. அது புகையைப் பற்றிய சான்றிதழ். பிறேக்கைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

சேமிப்பு முழுவதையும் வழித்துத் துடைத்து முதல் விலையைக் கொடுத்தவரிடம் இரண்டாவது விலைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆகவே 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்று ஆரம்பிக்கிறார். அடுத்த மாதம் பாடசாலைச் செலவு வரும், அதற்கடுத்த மாதம் ஒரு கலியாண வீடு வரும். பிறேக் காத்திருக்கும். ஒரு நாள் சைக்கிளில் போகும் எவரோ ஒரு மாணவன் அந்தக் காரின் முன்னே குறுக்கிடுவான். அவன் அந்தப் பேரத்தில் பங்குபற்றியவனல்லன். ஆயினும் கொடுபடாத விலை அவனிடம் அறவிடப்படும். இங்கேதான் சிக்கனம் என்று நாம் பெயரிட்ட ஒன்று அநீதியாக மாறுகிறது.

'அப்படியானால் வசதி குறைந்தவர் கார் வாங்கவே கூடாதா?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை இதுதான்: வாங்கலாம். ஆனால் கையில் உள்ள பணம் முழுவதற்கும் ஈடான காரை வாங்கக் கூடாது. பணத்தில் ஒரு பகுதியை முதலிலேயே பிரித்து வைத்துவிட்டு, மிஞ்சியதற்கு எது வருமோ அதை வாங்கவேண்டும். நீளமான காருக்குப் பதில் சிறிய கார். கூடிய வசதி உள்ளதற்குப் பதில் உதிரிப்பாகம் எளிதிற் கிடைக்கும் கார். மாதத்தில் இரண்டு மூன்று முறைதான் தேவை என்றால் வாடகைக் கார். விவேகம் என்னும் புண்ணியம் எம்மை வறியவராக இருக்கச் சொல்லவில்லை. செய்யப்போவதன் முழு அளவையும் செய்யுமுன் பார்க்கச் சொல்கிறது.

மறைந்திருக்கும் குறை

மாடு வாங்கப் போன எமது முன்னோர் பல்லைப் பிடித்து வயதைப் பார்த்தனர், சுழி பார்த்தனர், நடக்கவிட்டுப் பார்த்தனர். தானமாக வந்த மாட்டின் பல்லைப் பார்க்கக் கூடாது என்று பழமொழி சொல்லும். விலை கொடுக்கும் மாட்டின் பல்லைப் பார்க்காதவரை ஊர் சிரிக்கும். ஆனால் காரின் பல் பொய் சொல்லக்கூடியது. ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரைப் பின்னோக்கித் திருப்பும் மோசடி உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதைக் குற்றமாக்க வேண்டியிருந்தது. மீற்றர் 80,000 என்று காட்ட, மிதியின் றப்பர் வழுக்கையாகவும் சாரதியின் ஆசனம் குழிந்தும் இருந்தால் எதை நம்புவது? மிதியைத்தான். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காரும் அப்படியே. கழுவி மினுக்கி வைத்திருப்பார்கள். ஆசனப் பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றின் கறை நிற்கும்.

குறையை விற்பவர் சொல்லவேண்டுமா, வாங்குபவரே கண்டுபிடிக்க வேண்டுமா என்பது மிகப் பழைய வழக்கு. கி.மு. 44 இல் உரோமை அறிஞர் சிசரோ, கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதை ஆராய்கிறார். ஒருவர் தம் வீட்டை விற்கிறார். அதன் மரங்கள் உக்கியவை என்பதும், அங்கே வாழ்வது உடலுக்குக் கேடு என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்லாமல் விற்கலாமா? தியோஜெனஸ் என்னும் தத்துவஞானி, வாங்கும்படி அவர் எவரையும் வற்புறுத்தவில்லையே என்கிறார். அவருடைய மாணவரான அந்திப்பாத்தர், வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதே குற்றம். இதுவோ தெரிந்துகொண்டே ஒருவனைத் தவறான வழியில் விடுவது என்கிறார். சிசரோ மறைத்தது தவறென்றே தீர்ப்பளிக்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குயினாஸ் தமது இறையியல் தொகுப்பில் இதே கேள்வியை எடுத்து இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறார். குறை வெளிப்படையானது, விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டது என்றால், விற்பவர் அதை வாய்திறந்து சொல்லவேண்டும் என்பதில்லை. ஒற்றைக் கண் குதிரையை அவர் உதாரணம் காட்டுகிறார். ஆனால் குறை மறைவானதாகவும், வாங்குபவருக்கு நட்டத்தையோ ஆபத்தையோ விளைவிக்கக் கூடியதாகவும் இருந்தால் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விற்பது வஞ்சகம். நசுங்கிய கதவு ஒற்றைக் கண். ஒட்டி மறைக்கப்பட்ட சசியும், தேய்ந்துபோன பிறேக்கும் மறைவான குறைகள்.

நாட்டின் சட்டம் இவ்வளவு தூரம் வருவதில்லை. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி, சில விதிவிலக்குகளோடு வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற நிலையில் நிற்கிறது. சட்டம் தண்டிக்காததெல்லாம் சரியானது என்று எண்ணுகிறவருக்கு இது வசதியாக இருக்கலாம்.

பொய் சொல்லி விற்பவர் ஒருவரை மட்டும் ஏமாற்றவில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970 இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். மூன்று சஞ்சிகைகள் ஏற்க மறுத்த அக்கட்டுரைக்காக 2001 இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் காட்டியது எளிமையானது. நல்ல கார் எது, கெட்ட கார் எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், அவர் எல்லாக் காருக்கும் நடுவான ஒரு விலையே சொல்வார். நன்றாகப் பேணிய காரின் சொந்தக்காரருக்கு அந்த விலை கட்டாது; அவர் விற்காமல் விலகிக்கொள்வார். சந்தையில் எஞ்சுபவை கெட்டவை. விலை மேலும் விழும். ஆகவே ஒரு பொய், அதைக் கேட்டவரோடு முடிவதில்லை. ஊரிலுள்ள நேர்மையான விற்பனையாளர் ஒவ்வொருவருடைய சொல்லையும் அது மலிவாக்குகிறது.

வாங்குகிறவரின் நீதி

நீதி விற்பவருக்கு மட்டும் உரியதல்ல. வாங்குகிறவரும் தவறிழைக்கலாம். விற்பவர் பொன்னைப் பித்தளை என்று எண்ணி அறியாமையால் விற்றால், அறிந்து வாங்கியவர் குறைந்த தொகையை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்கிறார் புனித தோமஸ். வாங்குபவரின் அவசரத்தைப் பயன்படுத்தி விலையை ஏற்றலாகாது என்றும் அவர் கூறுகிறார். அந்த அவசரம் விற்பவரின் சொத்தல்ல; தமக்குச் சொந்தமல்லாததை எவரும் விற்க முடியாது. இதை மறுபக்கமாகவும் பொருத்திப் பார்க்கலாம். கணவரை இழந்த ஒருவர், சத்திரசிகிச்சைக்குப் பணம் தேடும் ஒருவர், நாளைக்கே பயணம் போகவேண்டிய ஒருவர் என இப்படிப்பட்டவரின் கார் விலைக்கு வரும்போது, 'இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் இறங்கி வருவார்' என்று காத்திருப்பது கெட்டித்தனமாகத் தோன்றும். அவருடைய துன்பம் எமது இலாபமாகக் கூடாது.

பத்திரங்களும் மனச்சாட்சியின் எல்லைக்குள் வருபவையே. ஓபன் பேப்பர் என்று சொல்லி, திகதி இடாத கையொப்பத்துடன் கார்கள் கை கையாக மாறும் வழக்கம் எமக்குப் புதிதல்ல. அந்தக் கார் விபத்திலோ குற்றத்திலோ சிக்கினால், எப்போதோ அதை விற்றுவிட்டுச் சும்மா இருந்தவரின் வாசலுக்கே பொலிசார் முதலில் வருவர். பெயர் மாற்றும் செலவை மிச்சம் பிடிப்பவர், தம் பொறுப்பை இன்னொருவர் பெயரில் வைத்துக்கொண்டு ஓடுகிறார். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியொன்று முழு உரிமையாளராக இன்னும் நிற்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கூட்டிச் சென்று, அவருக்குரிய கூலியைக் கொடுத்துக் காரைத் தூக்கிப் பார்க்கச் செய்வது விற்பவரை அவமதிப்பதல்ல. தரகரிடம் கொமிசன் பெறும் மெக்கானிக்கைக் கூட்டிச் செல்லாதிருந்தாற் சரி. பார்க்கவிடாத விற்பனையாளரிடமிருந்து மரியாதையாக எழுந்து வந்துவிடலாம்.

இருவரும் அறியாத குறை

விற்பவரும் நேர்மையானவர், வாங்குபவரும் நேர்மையானவர். ஆயினும் இருவருக்கும் தெரியாத குறை இருக்கலாம். டகாட்டா என்னும் ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப் பைகள் இதற்குச் சான்று. அவற்றை ஊதவைக்கப் பயன்பட்ட அமோனியம் நைத்திரேற்று என்னும் வெடிபொருள், வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுதடைந்தது. மோதலின்போது காப்பாற்ற வேண்டிய பை, உலோகத் துண்டுகளைச் சாரதியின் முகத்தில் எறிந்து உயிர்களைப் பறித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஊதிகள் திருப்பி அழைக்கப்பட்டன. நிறுவனம் 2017 இல் வங்குரோத்தானது. ஹொண்டா, ரொயோட்டா, நிசான் முதலிய பல பெயர்களில், 2000 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கார்கள் பல இதில் அடங்கும். எமது நாடோ வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடு. சசி இலக்கத்தைக் கொண்டு, அந்தக் காருக்கு இப்படியொரு அழைப்பு உண்டா என்று விசாரித்தறிய ஒரு நாள் போதும். அறியாமை குற்றமல்ல, ஒரு நாளில் அறியக்கூடியதை அறிய மறுப்பது குற்றத்துக்கு மிகக் கிட்ட நிற்கிறது.

பேணிய கைகள்

இவ்வளவும் சொன்னதைக் கொண்டு, பழைய கார் என்றாலே பயப்பட வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. பழையதைப் பேணுவதில் எமது யாழ்ப்பாணத்து மக்களுக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 1990 இன் பின், பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில், ஒஸ்ரின் ஏ-40 களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபுறேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அக்கார்களில் ஆசுப்பத்திரி சேர்ந்தனர். அவற்றுட் பல அப்போதே முப்பது, நாற்பது வயதைக் கடந்தவை. அவற்றை ஓடவைத்தது கம்பனியின் உத்தரவாதமன்று; நாள்தோறும் மூடியைத் திறந்து பார்த்த கைகளே.

ஆகவே வயது ஒரு குறையல்ல. இருபத்தைந்து ஆண்டு பேணப்பட்ட கார், எட்டு ஆண்டு கவனியாது விடப்பட்ட காரிலும் நல்லது. மீற்றரையும் பெயின்றையும் பார்ப்பதோடு, அதை வைத்திருந்தவரையும் பாருங்கள். எப்போது எது மாற்றப்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாரா? 'இந்த இடத்தில் ஒரு சத்தம் உண்டு, கவனியுங்கள்' என்று தாமாகவே ஒரு குறையைச் சொல்கிறாரா? அப்படிச் சொல்பவரிடம் சற்றுக் கூடிய விலை கொடுத்தாலும் நட்டமில்லை. உண்மைக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்க வாங்குகிறவர்கள் முன்வந்தால்தான் உண்மை சொல்கிறவர்கள் சந்தையில் நிற்பார்கள்.

முற்பணம் கொடுக்குமுன், குடும்பமாக இருந்து மூன்று விடயங்களைப் பேசிக்கொள்வது நல்லது. இது எமக்கு எதற்கு? வாங்கிய மறுநாள் ரயரையும் பிறேக்கையும் பார்க்கக் கையில் என்ன இருக்கும்? மூன்றாவது சற்றுத் தொலைவிலுள்ளது. இன்று வாங்குகிறவர் என்றோ ஒரு நாள் விற்கிறவர். அந்த நாளில், எம்மைப் போன்ற ஒரு குடும்பம் பிள்ளைகளுடன் வந்து இந்தக் காரைச் சுற்றி நின்று, 'எப்படி, நல்ல காரா?' என்று எம்மிடம் கேட்கும். அவர்கள் முகத்தைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடிய விதத்தில் இக்காரை வைத்திருப்போமா? முடியும் என்று மனச்சாட்சி சொன்னால், வாங்குங்கள். பயணம் நன்றாக அமையட்டும். சொல்லத் தயங்கினால், இன்னும் சில மாதம் பஸ்ஸிற் போவதில் எவருக்கும் குறைவில்லை.